கேமரன் மலைக்குப் போன வண்டியில் எனக்கு இடமில்லை

எங்கள் தெருவில் மூன்று குடும்பங்கள் இந்த விடுமுறைக்கு மலேசியா போகின்றன. ஸ்ரீரங்கத்தில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திருச்சியில் விமானம் ஏறினால் காலைக் காப்பிக்குக் கோலாலம்பூர். அந்தக் காலத்திலேயே போனவன் என்பதால் எந்த ஊருக்கு எத்தனை நாள் வைக்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் சொல்லும் கட்டணத்தை மட்டும் நம்பாதீர்கள். அது ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கட்டணம்.

அப்போது காந்தி மார்க்கெட்டில் எனக்குச் சின்ன வெங்காய மண்டி. அடுத்தவன் மண்டியில் மூட்டை தூக்கிப் பிறகு சொந்தமாக வைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பலில் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆடியில் கல்யாணம் இல்லை, மார்க்கெட் மந்தம், கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டுக் கிளம்பலாம். வாங்குகிறவர் முகத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் வியாபாரம் நிலைக்கும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி என் மனைவி கமலம். அவளுக்குக் குளிர் பார்க்க வேண்டும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் இருந்த அவள் தோழி ஊட்டிக்குப் போய்வந்து, அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து கமலத்துக்கு அதே நினைப்பு. ஊட்டி என்ன ஊட்டி, மலேயாவில் கேமரன் மலைக்கே கூட்டிப்போகிறேன் என்று நான் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டுப் பணம் கொண்டுபோக அப்போது அரசாங்கம் கொஞ்சமாகத்தான் அனுமதித்தது. ஓட்டலில் தங்கினால் நாலாம் நாள் கை காலி. அதனால் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எனக்கு வாடிக்கையாளர் இருக்கும் ஊர்களாகவே கோர்த்துத் திட்டம் போட்டேன். வரைபடத்தை விரித்துக் கமலத்திடம் காட்டியபோது ஒவ்வொரு ஊருக்கும் யார் வீட்டில் தங்குகிறோம், அந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். சேலை, பலகாரம் கொண்டுபோகக் கணக்குப் போடுகிறாள் என்று நினைத்தேன்.

"அதுக்குக் காவேரியில அம்மா மண்டபத்துல குளிச்சுட்டு இங்கேயே அத்தனை பேருக்கும் சமைச்சுட்டுப் போறேன். எதுக்குங்க கப்பல் ஏறிப் போய்ச் சமைக்கணும்?" என்றாள்.

விருந்தாளியை யார் அடுப்படிக்குள் விடுவார்கள் என்று நான் சிரித்தேன்.

திருச்சியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயில். அங்கிருந்து பினாங்கு கப்பலில் ஏழு நாள். ஆடிக் கடல் சும்மா விடாது. மூன்று நாள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படுத்திருந்தோம். நீங்கள் யாரும் இந்தப் பாடு படவேண்டியதில்லை.

பினாங்கு அழகான ஊர். மலை உச்சிக்குக் கம்பியில் இழுக்கும் ரயில், அரை மணி நேரம், மேலே நின்றால் தீவு முழுக்கக் காலடியில். நான் பார்த்தேன். கமலம் பார்க்கவில்லை. திருச்சியிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துத் தமிழர்களெல்லாம் பார்க்க வந்தார்கள். நாங்கள் தங்கிய, ஐந்து பேர் இருந்த வீட்டில் பதினைந்து பேருக்கு இலை. அவளை யாரும் வேலை செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டம்மா தனியாக வடை தட்டிக்கொண்டிருக்கும்போது இவள் கூடத்தில் உட்கார்ந்திருக்க முடியுமா? முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனவள் இரண்டு நாளும் வெளியே வரவில்லை. நான் மலையிலிருந்து இறங்கி வந்ததும், "அங்க குளிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்து ஈப்போ. படகில் அக்கரைக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும், ஐந்து மணி நேரம். வழியெல்லாம் ரப்பர் காடு, பிறகு சுண்ணாம்புக் குன்றுகள். தாய்ப்பிங் ஊரைத் தாண்டும்வரை கமலம் ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "கேமரன் மலைக்கு நான் போவேன். அதுக்கு வேண்டியதை நீங்க பண்ணுங்க" என்றாள். எப்படிப் பண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஈப்போவில் எங்களை வரவேற்கக் காத்திருந்த ரெங்கசாமி அண்ணன், திருச்சிப் பக்கம் ஜீயபுரத்துக்காரர், என் சரக்கில் பாதியை வாங்குகிறவர். அவர் முகம் கோணினால் மண்டியில் பாதி இருட்டு.

அவரும் அன்பானவர்தான், திட்டம் தயாராக வைத்திருந்தார். மறுநாள் விடியற்காலை டாக்சி. ஆண்கள் நாங்கள் மலைக்குப் போய்வருவது. இரவு ஊர் வியாபாரிகள் இருபது பேருக்கு விருந்து. பெண்கள் சமைத்து வைப்பார்கள். அதற்கு மறுநாள் எங்களுக்குக் கோலாலம்பூர் ரயில்.

அன்று மாலை அடுப்படியில் கமலம் அண்ணனின் மனைவி அமிர்தத்திடம், மலையில் நிஜமாகவே குளிருமா என்று கேட்டிருக்கிறாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? நான் வந்து பதினோரு வருஷமாச்சு. போனதில்ல" என்றாராம் அவர்.

காலை ஐந்தரைக்கு டாக்சி வந்தது. அண்ணனும் நானும் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால் பின்சீட்டில் இரண்டு பெண்களும் குளித்து, பூ வைத்து, ஒரு கம்பளியைப் பங்கு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அண்ணே, நாங்க போயிட்டு வந்துடுறோம். சாமானெல்லாம் எடுத்து வச்சிருக்கு. விருந்தை நீங்க பாத்துக்குங்க" என்றாள் கமலம். அமிர்தம் தலை நிமிரவில்லை. கம்பளியையும் விடவில்லை.

ரெங்கசாமி அண்ணன் என்னைத்தான் பார்த்தார். இறங்கச் சொல் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எட்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வியாபாரம் எனக்குக் கண்முன் வந்தது. மூன்று நாள் கடலில் வாந்தி எடுத்தும் திரும்பிப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லாதவளும் வந்தாள். நாற்பது வெள்ளியை, அதாவது அந்த ஊர் டாலரை, டிரைவர் கையில் வைத்து, கதவை நானே சாத்தினேன்.

தமிழ் டிரைவர். "ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்றார்.

"எங்களுக்குச் சமையல் இருக்கு, நீ போப்பா" என்றேன்.

ஈப்போவிலிருந்து மலையடிவாரத்துத் தாப்பா முப்பத்தைந்து மைல், அங்கிருந்து மலைமேல் ஊரான தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ முப்பத்தெட்டு மைல். இதற்கு மேல் கேமரன் மலையைப் பற்றி என் கண்ணால் கண்டு எழுத ஒன்றுமில்லை.

அண்ணன் மத்தியானம்வரை என்னோடு பேசவில்லை. சோறும் கறியும் கடையில் சொல்லியாகிவிட்டது. சாம்பாருக்கு மட்டும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தோம். என் சரக்கு, அவர் வாங்கியது. இரண்டு பேரும் அதை மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறோமே தவிர, உரித்ததில்லை. கால்படி உரிப்பதற்குள் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கடைசியில் அண்ணன் வாயைத் திறந்தார்.

"ஏன் தம்பி, இவ்வளவு பொடியாவா அனுப்புவீங்க? இதை உரிக்கிறவ என்னத்துக்கு ஆவா?"

"எட்டு வருஷமா நீங்க ஒண்ணும் சொல்லலியே அண்ணே."

"எனக்கு யாரு சொன்னா?" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுத்த கப்பலுக்கு அவர் பருவெட்டு வெங்காயம் மட்டும் கேட்டார். நான் சலித்துத் தரம் பிரித்து, விலை கூட்டி அனுப்பினேன். மற்ற ஊர்க்காரர்களும் அதையே கேட்டார்கள்.

ஏழு மணிக்கு வண்டி திரும்பியது. அமிர்தம் உள்ளே வந்து, விருந்துக்கு வந்தவர்கள் எதிரிலேயே கணவரிடம் மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வளைவு, அருவி, வெட்டிவிட்ட மாதிரித் தேயிலை, மேகம் வண்டிக்குள்ளேயே வந்தது என்று நிறுத்தாமல் சொன்னார். அண்ணன் கையில் சாம்பார் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கமலம் என்னிடம் பிறகுதான் சொன்னாள். "புகையெல்லாம் வரலைங்க. ரெண்டு பேரும் ஊதி ஊதிப் பாத்தோம், டிரைவர் சிரிச்சாரு. ஆனா அங்க ஒரு குழாயில கை வச்சேன், வலிச்சுது. தண்ணி வலிக்கும்னு எனக்குத் தெரியாதுங்க."

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாடிக்கையாளர் வீடுகளில் தங்காமல், கையிலிருந்த பணத்துக்குச் சாப்பாட்டுக் கடை மாடியில் அறை எடுத்தோம். சொகுசு இல்லை, அடுப்பும் இல்லை.

போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். பினாங்குக்கு இரண்டு நாள் வையுங்கள், மலை ரயிலுக்குக் காலையிலேயே போங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் வண்டி பேசும்போதே அந்த வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து இடம் பேசிவிடுங்கள், அன்றைய சாப்பாட்டைக் கடையில் சொல்லிவிடுங்கள். இடம் பற்றாக்குறை என்றால் ஆண்கள் வீட்டில் நின்றுகொள்ளலாம், ஒன்றும் ஆகிவிடாது.

அதன் பிறகு வியாபாரமாக மூன்று முறை மலேயா போனேன். ஈப்போவரை போயும் மேலே ஏறவில்லை. கமலம் இல்லாமல் அங்கே போய் நான் எந்தக் குழாயில் கை வைப்பது? கேமரன் மலையில் எங்கே தங்கலாம், எத்தனை மணிக்கு மேகம் இறங்கும் என்று தெரிய வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து அவளையே கேளுங்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன்.