டைமர் என்று நானே எழுதுவித்தேன்

நித்திரையில் எனக்கு மூச்சு நின்றுவிடும். குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பேன், திடீரென்று சத்தம் ஓய்ந்துவிடும், பிறகு தண்ணீருக்குள் அமிழ்த்தப்பட்டவன் மாதிரித் திணறி எழும்புவேன். விடியும்வரை இதே கதைதான். கனடாவில் இருக்கும் மச்சான் ஒரு சீபாப் மெஷின் அனுப்பியிருந்தான். சப்பாத்துப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். இரவு முழுக்கக் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். அது இல்லாமல் படுத்தால் அடுத்த நாள் தலை பிளக்கும், நாக்குப் பிரளாது, நான் வேலை செய்யும் கொட்டாஞ்சேனைக் கடையில் ஆளோடு கதைத்துக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். ஒருநாள் இதயமும் நிற்கலாம் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் தம்பி பிடிபட்டான். கிழக்கில் ஒரு ஊரில் வேலை. ஆமிச் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போன இருபது பேரில் அவனும் ஒருவன். சரீரப் பிணை தரச் சம்மதித்திருக்கிறார்கள், கூடப்பிறந்தவர் திங்கட்கிழமை காலை கோர்ட்டில் நேரே நின்று கையெழுத்து வைக்கவேண்டும், தவறினால் பொடியனை எங்கே மாற்றுவார்கள் என்று எனக்கும் தெரியாது என்று சட்டத்தரணி போனில் சொன்னார். கூடப்பிறந்தவன் என்று நாட்டில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். ஞாயிறு இரவு ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

ரயிலில் பிளக் கிடையாது. மருதானையில் ஒரு வேர்க்‌ஷொப்பில் பழைய கார் பற்றரி ஒன்றும், அதை மெஷினோடு பொருத்த ஒரு இன்வேர்ட்டரும் எடுத்தேன். வீட்டில் இரண்டு இரவு பரிசோதித்தேன். விடியும்வரை ஓடியது.

மனைவி சொன்னாள், "இஞ்சருங்கோ, உடுப்புக்குள்ள சுத்திச் சும்மா கொண்டுபோவம். கேட்டா வருத்தத்துக்கு எண்டு சொல்லுவம்."

"ஒளிச்சுக் கொண்டுபோய்ப் பிடிபட்டா?"

"ஒளிக்கேல்லை. ஆனா தம்பட்டம் அடிக்கவும் தேவையில்லை."

நான் கேட்கவில்லை. நாங்கள் இருந்த கொழும்பு வெள்ளவத்தையில், சண்டை நடந்த அந்த வருடங்களில், ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. பொலிஸ் பதிவுத்துண்டு, கிராம சேவகர் கடிதம், வேலைக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றிலும் மூன்று பிரதி. பாண் வாங்கப் போனாலும் கமக்கட்டுக்குள் ஃபைல் இருக்கும். கடிதம் கூடக்கூடப் பாதுகாப்புக் கூடும் என்று நாங்கள் மடத்தனமாக நம்பினோம். நான் மற்றவர்களைவிடப் பெரிய மடையன். டொக்டரின் ஆங்கிலக் கடிதம் போதாது, சிப்பாய்க்கு விளங்கவேண்டும் என்று புதுக்கடைப் பகுதியில் கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் டைப்பிஸ்டிடம் போனேன். மெஷினில் உள்ள ஒவ்வொரு சாமானையும் சிங்களத்தில் அடிக்கச் சொன்னேன். எதையாவது மறைத்தான் என்று ஒருவனும் சொல்லக்கூடாது. பற்றரி ஒன்று. வயர் நான்கு. குழாய் ஒன்று. மாஸ்க் ஒன்று. காற்று மெதுவாகத் தொடங்குவதற்கு மெஷினுக்குள் ஒரு டைமர் இருக்கிறது. அதையும் போடச் சொன்னேன்.

டைப்பிஸ்ட் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தான். "மஹத்தயா, மேக்கத் தான்னத?" இதையும் போடவா என்று கேட்டான்.

போடு என்றேன்.

ஸ்டேஷன் வாசலில் பையைத் திறந்த சிப்பாய் சின்னப் பொடியன். மெஷினைப் பார்த்தான், மாஸ்க்கைப் பார்த்தான், என் வயிற்றையும் கழுத்தையும் பார்த்தான். "லெடெக்த?" நோயாளியா என்று கேட்டான். ஓம் என்று தலையாட்டினேன். அவன் பையின் ஸிப்பை மூடத் தொடங்கிவிட்டான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் போயிருக்கலாம். நானோ ஃபைலைத் திறந்து கடிதத்தை அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினேன்.

அவன் அதை வாசித்தான். டைமர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, பொறுப்பாக நின்ற பெரியவரைக் கூப்பிட்டான்.

பெரியவர் வந்தார். பற்றரி, வயர், டைமர் என்று சத்தமாக வாசித்தார். வரிசையில் நின்ற சனம் இரண்டடி பின்வாங்கியது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், கோர்ட்டில் யார், தம்பி ஏன் உள்ளே. ஒவ்வொரு பதிலும் என்னை இன்னும் ஆழத்துக்கு இறக்கியது. மெஷினைப் போட்டுக் காட்டுகிறேன் என்று வயரைத் தொட்டேன். சிப்பாயின் துவக்கு நிமிர்ந்தது. கையை எடுத்தேன்.

கடைசியில் பெரியவர் சொன்னார், "மேக்க கெனியன்ட பே." கொண்டுபோக முடியாது. மெஷின் இங்கே இருக்கும், பரிசோதிக்க ஆள் வரும், வேண்டுமானால் நீயும் இரு, இல்லாவிட்டால் ரயிலில் ஏறு. கடிதங்கள் சாமானோடு இருக்கவேண்டும் என்று ஃபைலையும் வாங்கிக்கொண்டார். பிணைக்கு வேண்டிய கிராம சேவகர் கடிதம் மட்டும் மனைவியின் ஹேண்ட்பேக்கில் இருந்ததால் தப்பியது.

ரயில் கூவியது. மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "நான் முழிச்சிருந்து உங்களை எழுப்புறன். வாங்கோ." ஏறினோம்.

நான் நித்திரை கொள்ளாமல் விட்டால் ஒன்றும் நடக்காது என்று கணக்குப் போட்டேன். கதவடியில் காற்றுக்கு நின்றேன். ரயிலில் காவலுக்கு வந்த பொலிஸ்காரன் கதவடியில் தமிழன் நிற்கக்கூடாது என்று விரட்டினான். இருக்கையில் வந்து இருந்தேன். என்னைப்போன்ற வருத்தக்காரனுக்கு இருக்கையும் ரயில் ஆட்டமும் போதும். பொல்கஹவெல ஸ்டேஷன் தாண்டவில்லை, தலை விழுந்துவிட்டது.

மனைவி தொடையில் நுள்ளினாள். திணறி எழும்பினேன். திரும்ப விழுந்தேன். திரும்ப நுள்ளினாள்.

எதிரே மட்டக்களப்பு மனுசி ஒருத்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள், "ஏன்கா புள்ள, அந்த மனிசனப் போட்டு இந்த நுள்ளு நுள்ளுறா? தூங்கட்டுமே."

"நித்திரை கொண்டா மூச்சு நிண்டிடும் அக்கா."

"என்ட மனிசனும் நாப்பது வருசம் குறட்டை விட்டவர்தான். அவருக்கு ஒண்டும் நடக்கல்ல. எனக்குத்தான் காது போச்சி."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் சத்தம் ஓய்ந்து, நெஞ்சு மட்டும் வெறுமனே எழும்பி எழும்பி விழுந்ததாம். காற்றே போகவில்லையாம். அதைப் பார்த்த பிறகு அந்த மனுசியும் சிரிப்பை விட்டுவிட்டாள். விடியும்வரை இருவரும் மாறிமாறி என்னைக் குலுக்கினார்கள். ஒருத்தி தண்ணீர் தெளிப்பாள், ஒருத்தி கன்னத்தில் தட்டுவாள். நான் அவர்களைக் கெட்ட வார்த்தையில் ஏசினேனாம். எனக்கு நினைவில்லை.

காலையில் உயிரோடு இறங்கினேன். அதைத்தவிர மிச்சம் எல்லாம் போயிருந்தது. கண் இரத்தச் சிவப்பு. தலைக்குள் உலக்கை. சட்டத்தரணி சொன்னது எதுவும் காதில் நிற்கவில்லை. கோர்ட் மரவாங்கில் சாய்ந்த நிமிடமே நித்திரை. குறட்டை மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். மனைவி குலுக்கினாள். எழுந்த வேகத்தில் முன் வாங்கில் மோதினேன். முகவரி கேட்டார்கள். பாமன்கடையில் நாங்கள் எப்போதோ இருந்த பழைய வீட்டின் முகவரியைச் சொன்னேன். கிராம சேவகர் கடிதத்தில் வெள்ளவத்தை. நாக்குப் பிரளவில்லை.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "இவர் குடிச்சிருக்கிறாரா?"

சட்டத்தரணி, குடியில்லை, வருத்தம் என்றார். அதற்கு ஏதும் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கக் கடிதம் சேர்த்தவனிடம் அன்று வருத்தத்தைக் காட்ட ஒரு துண்டு இல்லை. மனைவி பின்னாலிருந்து ஏதோ சொல்லப்போனாள், இருக்கச் சொல்லி அதட்டினார்கள். பிணையாளி ஏற்கத்தக்க நிலையில் இல்லை என்று எழுதினார்கள். பதினாலு நாள் தவணை. அந்தப் பதினாலு நாள் முடிவதற்குள் தம்பியை வேறு ஊருக்கு மாற்றி, வேறு வழக்கில் போட்டார்கள். அவன் வெளியே வரப் பதினொரு மாதம் ஆனது.

அன்று கோர்ட்டுக்குப் பின்னால் சிறைச்சாலை பஸ் நின்றது. கோர்ட்டில் என் கோலத்தையெல்லாம் பார்த்திருந்த தம்பி கம்பி வலைக்குப் பின்னால் இருந்தான். மெலிந்திருந்தான். என் வருத்தம் அவனுக்குத் தெரியாது. மெஷின், பற்றரி என்று போனில் கதைக்க அந்த நாட்களில் யாருக்குத் துணிவிருந்தது? சொல்லாமலே விட்டிருந்தேன். என் பிரளாத நாக்கை மட்டும் அவன் போனில் கேட்டிருக்கிறான்.

வலையோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டான், "அண்ணா, இண்டைக்குமா குடிச்சனீங்கள்?"

இல்லையடா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் மட்டும்தான் வந்தது, சொல் வரவில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் வெளிக்கிட்டது.