சும்மா இருக்கக் கூலி

விடிந்தும் விடியாததுமாகத் தன் நிலத்தை வேலியோரமாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பக்கத்து நிலத்துக்காரர் ஆர்லோ என் வீட்டு வாசலில் டிரக்கை நிறுத்துவார். இறங்க மாட்டார். கண்ணாடியை மட்டும் இறக்கி, "மர்லிஸ், எதாச்சும் ரிப்பேர் வேல இருக்கா?" என்பார். இல்லை என்றால் முகம் வாடிவிடும்.

அறுபத்தெட்டு வயது. கோதுமை அடுத்தடுத்துப் பொய்த்த பிறகு, மொத்த நிலத்தையும் அரசாங்கத்தின் புல் திட்டத்தில் சேர்த்துவிட்டார். உழக் கூடாது, விதைக்கக் கூடாது, மாடு விடக் கூடாது. மண் காற்றில் பறக்காமல் புல் நிற்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் அக்டோபரில் பணம் வரும். எங்கள் கான்சாஸ் பக்கம் பாதிக் குடும்பங்கள் ஏதோ ஒரு மானியத்தில்தான் ஓடுகின்றன. ஆனாலும் கூட்டுறவுக் கிடங்கின் காபி மேசையில் கேலி ஆர்லோவுக்குத்தான். "என்னப்பா, இன்னிக்கு எத்தனை ஏக்கர்ல சும்மா இருந்த?" "நீ ஒரு நாள் இருந்து பாருடா, இடுப்பு ஒடிஞ்சிடும்!" என்று அவரும் திருப்பிக் கொடுப்பார்.

ஓடாத விதைப்பு இயந்திரத்துக்கு வாரம் தவறாமல் கிரீஸ் போடுவார். சர்ச்சில் பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு முறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவார். "இந்த ஆள வீட்ல வச்சுக்கறதுக்கு கவர்மென்ட் எனக்குத் தனியா குடுக்கணும்" என்பார் மனைவி ஆர்டிஸ்.

இந்தக் கோடையில் மழை இல்லை. என் மேய்ச்சல் நிலம் தரையோடு கருகிப்போனது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்லோவின் புல் முழங்கால் உயரம். என் மாடுகள் கம்பிக்குள் கழுத்தை நுழைத்தபடி நின்றன. வறட்சியைக் காட்டி, என் மாடுகளை அந்தப் புல்லில் மேயவிட அனுமதி கேட்டு அவர் நாள் தவறாமல் விவசாய அலுவலகத்துக்குப் போனார். "மேலேர்ந்து இன்னும் வரல ஆர்லோ. வந்ததும் நானே போன் பண்றேன், வீட்டுக்குப் போங்க" என்றாள் அங்கே வேலை பார்க்கும் ஜோலின். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் கேட்டாராம்.

பாதி மந்தையை ஏலத்துக்கு அனுப்ப நான் லாரி சொல்லியிருந்த அன்று காலை, மாடுகளைக் காணோம். வேலிக்கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லாம் ஆர்லோவின் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தன. பதறிப்போய் அவருக்குப் போன் செய்தேன்.

"பணத்த நிறுத்திடுவாங்க ஆர்லோ! யாரும் பாக்கறதுக்குள்ள ஓட்டிட்டு வந்துடறேன்."

"விடு மேயட்டும். நான் ஆபீஸ்லதான் நிக்கிறேன். நாந்தான் தொறந்து விட்டேன்னு ஜோலின்கிட்ட சொல்லியாச்சு."

அடுத்த வாரமே மாவட்டம் முழுவதற்கும் அனுமதி வந்தது. ஆர்லோவின் இந்த ஆண்டுப் பணம் மட்டும் போயே போயிற்று. "ஒரு வாரம் பொறுக்க முடியலயா உன்னால?" என்று ஆர்டிஸ் என் முன்னாலேயே கத்தினார். "அத அந்த மாடுங்ககிட்ட சொல்லிப் பாரு" என்றார் இவர். புல்லுக்கு விலை கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என்னோடு பேசுவதில்லை.

சென்ற வாரம் நான் கோதுமை விதைத்துக்கொண்டிருந்தபோது ஆர்லோ வயல் முனையில் வந்து நின்றார். டிராக்டரை நிறுத்தி இறங்கி, "முதுகு பிடிச்சுக்கிச்சு, மீதிய நீங்க ஓட்டறீங்களா?" என்றேன். நம்பினாரோ என்னவோ. தான் பாதி தின்ற சாண்ட்விச்சை என் கையில் திணித்துவிட்டு, வலிக்கிற முழங்காலை இரண்டு கைகளாலும் தூக்கி டிராக்டர் படியில் வைத்தார்.