கட்டிலில் இருந்தவரிடம் கேட்ட ஜெஸீமா மிஸ்

ஜெஸீமா மிஸ் மவுத்தான செய்தியை அவருடைய மகள் றிப்னா போனில் சொன்னபோது, நான் காரைதீவுச் சந்தியில் அக்கரைப்பற்று பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். "டீச்சர், உம்மா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மவுத்தாகிட்டா. உங்களுக்குக் கட்டாயம் சொல்லோணும் எண்டு முந்தியே சொல்லி வெச்சிருந்தா. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்றார். எங்கே போகப் புறப்பட்டேன் என்பதே மறந்துவிட்டது. வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று கல்முனை பஸ்ஸில் ஏறினேன்.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். முப்பது வருடங்களுக்கு மேல் இந்தக் கரையோர ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்தவர். மெலிந்த உடம்பு, பெரிய குரல். அவரிடம் ஏச்சு வாங்காத ஆள் கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் குறைவு. வார்டில் யாராவது சத்தமாக அழத் தொடங்கினால், "அழுறதெண்டா வெளிய போய் அழுங்க. இஞ்ச கிடக்கிறவங்க பயந்திருவாங்க" என்பார். பிறகு அழுதவரின் பின்னாலேயே வெளியே போய், அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பார். இவற்றை நீங்கள் அறிவீர்கள். நான் எழுத வந்தது உங்களில் அநேகருக்குத் தெரியாத ஒன்றை.

யோகராணியும் நானும் பதினெட்டு வருடங்கள் காரைதீவில் ஒரே வீட்டில் வாழ்ந்தோம். நான் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். யோகா கல்முனையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தார். ஊரார் எங்களைக் கூட்டாளிமார் என்றார்கள். நாங்கள் அதைத் திருத்தவில்லை. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் என்னவோ, நாங்கள் இருவரும் அதுதான். இந்த நாட்டுச் சட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு உறவு என்று ஒரு பெயர் இல்லை, குற்றம் என்ற பழைய பெயர் மட்டும் இருக்கிறது. சுகமாக இருந்த காலத்தில் அது எங்களை அவ்வளவாக உறுத்தவில்லை.

யோகாவின் இருதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். நான்தான் ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். மறுநாள் மட்டக்களப்பிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். எங்கள் வீட்டு வாசலை ஒருமுறையேனும் மிதிக்காத மனிதர். பாதுகாவலர் என்று அவரே கையெழுத்து வைத்தார். நான் வாசலுக்குப் போனபோது காவலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டீச்சர், உள்ள போக ரெத்தச் சொந்தம் மட்டுந்தானாம். உங்கள விடவேணாமெண்டு அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்கார்."

அந்தக் காவலாளியின் மகளுக்கு நான் படிப்பித்திருக்கிறேன். அவர்மேல் கோபப்பட முடியவில்லை. வெளியே கிடந்த நீள வாங்கில் இரண்டு பகல் உட்கார்ந்திருந்தேன். யோகாவின் மூக்குக்கண்ணாடியும் சீப்பும் ஒரு பையில் என்னிடம் இருந்தன. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. அதையாவது கொடுத்துவிடுங்கள் என்று உள்ளே போனவர்களிடம் கேட்டேன். ஒருவரும் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, லீவு முடிந்து ஜெஸீமா மிஸ் வேலைக்கு வந்தார். அந்தப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்தார்.

"நீங்க ஆருக்கு இருக்கீங்க?"

"யோகராணிக்கு."

"என்ன முறை?"

"ஒரே வீட்டில இருக்கம், மிஸ்."

"எத்தின வருஷமா?"

"பதினெட்டு."

என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. திரும்பி உள்ளே போனார். இனித் துரத்திவிடுவார்கள் என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உள்ளே நடந்ததை அப்போது அங்கே நின்ற இன்னொரு தாதி பிறகு எனக்குச் சொன்னார். கட்டிலருகே அண்ணன் நின்றிருக்கிறார். மிஸ் குனிந்து யோகாவிடம், "புள்ள, உங்களுக்கு ஆர் வேணும்?" என்று கேட்டிருக்கிறார். யோகா ஒட்சிசன் மூடியைக் கையால் விலக்கி, "பவானி" என்றிருக்கிறார். அது என் பெயர்.

"அவவுக்கு நிதானமில்ல, மிஸ். நாந்தான் கூடப்பிறந்தவன்" என்றாராம் அண்ணன்.

"நிதானம் இருக்கெண்டு டொக்டர் எழுதியிருக்கார். நான் இன்னொருக்காக் கேக்கிறன். நீங்களும் நிண்டு கேளுங்க."

இரண்டாம் முறையும் யோகா என் பெயரைத்தான் சொன்னார். மிஸ் அதைக் கட்டில் டிக்கட்டில், நோயாளியின் பதிவுத் தாளில், எழுதினார். உறவு என்ற இடத்தில் 'ஒரே வீட்டார்' என்று எழுதினார்.

வெளியே வந்து, "செருப்பக் கழட்டுங்க. கையக் கழுவுங்க" என்றார். நான் கை கழுவும்போது பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்: "டீச்சர், நான் ஒளிக்காமச் சொல்றன். உங்கட விஷயம் எனக்குச் சரியெண்டு படல்ல. அது உங்களுக்கும் படைச்சவனுக்கும் உள்ள கதை. கட்டில்ல கிடக்கிற ஆள் ஆரக் கேக்குதோ, அவரக் கூட்டிக்கொண்டு போறது என்ட வேல."

அவர் என்னோடு உடன்படவில்லை என்பதை மறைத்து இந்த அஞ்சலியை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்களில் ஒரு பிழையும் காணாத எத்தனையோ நல்ல மனிதர்கள் அந்த இரண்டு நாளும் என்னைக் கடந்து போனார்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம் என்பது அங்கே விதி. மிஸ் எங்கள் இருவரையும் நிற்கவிட்டார். "அண்ணனும் நிக்கட்டும், டீச்சரும் நிக்கட்டும். சண்டையெண்டா ரெண்டு பேரும் வெளிய" என்றார். நான் யோகாவுக்குக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து முதலில் கேட்டது, சாப்பிட்டாயா என்று. பிறகு, "கடையில கிடக்கிற சட்டையெல்லாம் உரிய ஆக்களுக்கிட்டக் குடுத்திரு. பெருநாளைக்குத் தைக்கத் தந்தது" என்றார். கொடுக்கிறேன் என்றேன். அன்றும் மறுநாளும் காலையிலும் பின்னேரத்திலும் உள்ளே போனேன். அதற்கடுத்த நாள் முற்பகலில், என் கை அவர் கைக்குள் இருக்க, யோகா போய்விட்டார். அண்ணன் தேநீர் குடிக்க வெளியே போயிருந்தார். மிஸ் கால்மாட்டில் நின்றார்.

உடலை அண்ணன் மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார். நான் பெட்டிக்குப் பின்னால் போகவில்லை. போயிருந்தாலும் அங்கே எனக்கு இடமிருந்திருக்காது.

சில வாரங்களில் மிஸ்ஸுக்கு எதிராக ஒரு முறைப்பாடு போனது. விளக்கம் கேட்டார்கள். அவரை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துக் கிளினிக்கில் போட்டார்கள். பென்ஷன்வரை அங்கேதான் இருந்தார். கேள்விப்பட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். "கிளினிக்கில கதிர இருக்கு, டீச்சர். இவ்வளவு காலம் நிண்டு நிண்டு கால் நொந்து போச்சு" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "மன்னிப்புக் கடிதம் தரச் சொன்னாங்க. நோயாளி சொன்னதத்தான் எழுதினன், பொய் எழுதல்ல எண்டு ரெண்டு வரி குடுத்தன். அதுக்கு மேல எழுத எனக்கு ஒண்டுமில்ல."

அதன்பிறகு ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி குடிக்க அவர் வீட்டுக்குப் போவேன். யோகாவைப் பற்றி அவராக ஒருபோதும் கேட்டதில்லை. போன வருடம் நானே கேட்டேன்: "மிஸ், நாங்க செய்தது பிழையெண்டுதான் இப்பவும் நினைக்கிறீங்களா?" கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியா, டீச்சர். முந்தி எனக்குத் தெரியுமெண்டு நினைச்சிருந்தன்" என்றார்.

ஜனாஸா வீட்டில் பெண்களோடு இருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஆட்கள் கலைந்த பிறகு றிப்னா வந்து, "உம்மாவ உங்களுக்கு எப்படிப் பழக்கம் டீச்சர்?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது, தான் வேலைமாற்றம் வாங்கிய காரணத்தைக்கூட மிஸ் தன் மகளுக்குச் சொல்லவில்லை. முழுவதையும் சொன்னேன். யோகா எனக்கு என்ன என்பதையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவரிடம் அதை நேராகச் சொன்னேன். இதை எழுதலாமா என்று றிப்னாவிடம் கேட்டேன்.

"எழுதுங்க. உம்மா செஞ்சது ஒளிக்கிற வேல இல்லயே. ஆனா உங்களுக்குக் கரைச்சல் வருமே, டீச்சர்?"

"ஓம். வரும்தான்" என்றேன்.

ஜெஸீமா மிஸ்ஸின் பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை, ஒரு படம்கூட இல்லை. யோகா தனியாகப் போகவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். கடைசியில் அவர் கண்ணுக்கு நான் தெரிந்தேன் என்பதும் தெரியும். என்னைப் போன்ற எத்தனையோ பேர் அது தெரியாமலே, ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு அது தெரிகிறது. மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.