பக்கத்து சீட்டு

கேத்தரின் அழைத்துப் போகும் டூரில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "ஹனிமூனுக்கு வந்தோமா, ஸ்கூல் எக்ஸ்கர்ஷன் வந்தோமா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். "ஜன்னல் சீட் தர்றேன் சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றாள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டாள்.

காரணம், 1998 ஐப்பசியில் மங்களூரில் நடந்தது.

பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவள் வீடு. டிராவல்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தாள். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் பேசுகிறாளே என்று முதலாளி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். லீவு சேர்ந்து வந்தால் பெங்களூர்க் குடும்பங்களுக்குக் கடல் பார்க்க வேண்டும். மங்களூரில் கத்ரி கோயில், மங்களாதேவி, மத்தியானச் சாப்பாடு, பிறகு பந்தர் துறையிலிருந்து ஆற்றைக் கடக்கப் படகேறி எதிர்க்கரை பெங்கரே மணலில் வெயில் சாயும்வரை விளையாட்டு. கேத்தரின் மணலில் இறங்குவாள், அலையில் இறங்க மாட்டாள். பெங்களூரில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குழாயில் வருவது. நீச்சல் தெரியாது.

தலை எண்ணுவது அவளுக்கு ஒத்துவரவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இளநீர் வாங்க இறங்குவார், இன்னொருவர் ஏறுவார். அதனால் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்துச் சொல்வாள்: "உங்க பக்கத்து சீட்டு உங்க பொறுப்பு. அவங்களை விட்டுட்டு வராதீங்க. வரலேன்னா கை தூக்குங்க." யாரும் கை தூக்காவிட்டால் பஸ் நகரும். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அன்று மத்தியானம் படகில் அம்புஜம் அவளைக் கூப்பிட்டாள். டெலிபோன் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோதண்டராமனின் மனைவி. "ஏன்டீம்மா, ரெண்டு ஆறும் சேர்ந்து கடல்ல விழற இடம் எங்கே இருக்கு? ஐப்பசி மாசம், ரெண்டு சொட்டு தலையில தெளிச்சுண்டா போறும்."

"அதோ, அந்தப் பக்கம் ஆன்ட்டி" என்று கையைக் காட்டிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்குச் சண்டை போட்டவர்களை விலக்கப் போனாள் கேத்தரின்.

சூரியன் தண்ணீரைத் தொடும் நேரத்துக்கு எல்லாரும் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். "பக்கத்து சீட்டு வந்தாச்சா?" என்று கேட்டாள். கை எழவில்லை. பஸ் ஊர் நடுவில் ஹம்பன்கட்டா தாண்டியது. பிஸ்கட் பாக்கெட் கொடுத்துக்கொண்டே வந்தவள் நடுவரிசையில் நின்றுவிட்டாள். அம்புஜத்தின் சீட்டில் பிளாஸ்க் இருந்தது. பக்கத்தில் கோதண்டராமன் சீட்டில் எதுவும் இல்லை.

இரண்டு பேருமே வரவில்லை என்றால் கை தூக்க யார் இருப்பார்கள்? இத்தனை நாளும் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

பஸ் திரும்பித் துறைக்கு வந்தபோது படகுகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். படகுக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பேடா மேடம், வேண்டாம். தண்ணி வடியிற நேரம், முகத்துவாரத்துல இழுக்கும். போலீஸ்ல சொல்லுங்க." அவள்தான் கை காட்டினாள். இரண்டு கிழங்களையும் அவள்தான் அங்கே அனுப்பினாள்.

"நான் முதல்ல ஏறுறேன். அப்புறமாவது வருவீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படகில் காலை வைத்தாள். படகு ஒருபக்கம் சாய்ந்தது. மனிதர் முணுமுணுத்துக்கொண்டே துடுப்பை எடுத்தார். எதிர்க்கரை சேரும்வரை அவள் பலகையைப் பிடித்த பிடி தளரவில்லை. மாதாவே மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை.

பஸ்ஸிலிருந்து எடுத்துவந்த டார்ச்சோடு மீனவர் வீடுகளைத் தாண்டி மணலில் ஓடினாள். வெளிச்சம் ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் டார்ச் ஒளியில் அவை தெரிந்தன. இரண்டு ஜோடிச் செருப்பு. அக்கம்பக்கமாக ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. மூக்குகள் தண்ணீரைப் பார்த்திருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

டார்ச்சை நாலாபக்கமும் திருப்பித் திருப்பி அடித்தாள். எந்தப் பெயரைச் சொல்லி யாரிடம் போய் நிற்பது? இவர்களுக்குப் பிள்ளை இருக்கிறானா, எந்த ஊரில் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"டார்ச்சை மூஞ்சில அடிக்காதேயேன்" என்று ஒரு குரல் கேட்டது.

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், கருங்கல் அடுக்கின் ஓரத்தில் கோதண்டராமன் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாசியில் வழுக்கிவிட்டாராம். அம்புஜம் ஈரத்தலையோடு அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

"நீங்களாவது வந்து சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. படகு போயிடுச்சே."

"நீதானே மைக்ல சொன்னே, பக்கத்து சீட்டை விட்டுட்டு வராதேன்னு" என்றாள் அம்புஜம். "அதான் விட்டுட்டு வரலை. காணோம்னா கேத்தரின் வருவான்னு இவர்கிட்ட சொல்லிண்டே இருந்தேன்."

கேத்தரின் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

படகில் திரும்பி வந்ததும், பஸ்ஸில் கோதண்டராமனை ஒரு பேங்க்காரர் பக்கத்திலும் அம்புஜத்தைப் பின்வரிசையில் ஒரு டீச்சர் பக்கத்திலும் உட்காரவைத்தாள். "எங்க மாமியாராலயே முடியலை, நீ பிரிச்சுட்டே" என்று அம்புஜம் சிரித்தாள். கேத்தரினுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பக்கத்து சீட்டு வந்தாச்சா?"

கை எழவில்லை. அதை அவளால் நம்ப முடியவில்லை. டிரைவரை நிற்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தோளாகத் தொட்டுக்கொண்டே கடைசி சீட்டுவரை போனாள்.