நான்காவது ‘ஏன்’

மேரியின் விரல்கள் போனது அவளுடைய கவனக்குறைவால் அல்ல. என்னால்! அதை மறைத்தவனும் நான்தான்.

கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பொறியாளர் நான். அங்கே எது பிசகினாலும் ‘ஐந்து ஏன்’ என்றொரு முறை உண்டு. ஏன் நடந்தது என்று கேள். வந்த பதிலையும் ஏன் என்று கேள். ஐந்து முறை தோண்டினால் வேர் அகப்படுமாம். நல்ல முறைதான். தோண்டுகிறவன் யோக்கியனாக இருந்தால்!

அழுத்து இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே சிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. வேகம் போதவில்லை என்று மேலாளர் கத்தினார். நான் ஒரு பொத்தானின் இணைப்பை மாற்றி, ஒரு கை போதும் என்று ஆக்கினேன். உற்பத்தி கூடியது. ‘சிறந்த முன்னேற்றம்’ என்று மாலை போட்டார்கள்... வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்!

மறு மாதமே மேரியின் இடக்கை உள்ளே சிக்கியது. மீஞ்சூரிலிருந்து ரயிலேறி வரும் ஒப்பந்தத் தொழிலாளி அவள்.

விசாரணைக் கூட்டத்தை நடத்தியவன் யார் என்று நினைக்கிறீர்கள்? நானே! திருடன் கையில் சாவி. ஏன் விரல் நசுங்கியது? கை உள்ளே இருந்தது. ஏன் இருந்தது? தகட்டைச் சரிசெய்தாள். ஏன் அப்போதே இயந்திரம் இறங்கியது? மற்றொரு கையால் பொத்தானை அமுக்கிவிட்டாள். அடுத்த ‘ஏன்’ என் சட்டையைப் பிடித்திருக்கும். “ஆபரேட்டர் கவனக்குறைவு” என்று முடித்தேன். மேலாளருக்கு எல்லாம் தெரியும். தலையாட்டினார், பாவி! மேரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. அன்று மாலையே பொத்தானைப் பழையபடி இணைத்துவிட்டேன்.

அவளை நிறுத்திவிட்டார்கள். கவனமில்லாதவள் என்ற பேச்சு தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டை வரை போனது. எங்கும் வேலை இல்லை.

போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அழவும் செய்தேன். எதற்கு அழுகை? அவள் மன்னித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்றுதான்... சீ!

அவள் அழவில்லை. “இத்த எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு சார் சொல்லிக்கினு கீற? எனக்குத்தான் தெரியுமே. அங்க போய் சொல்லு!”

அங்கே சொன்னால் என் வேலை போகும். திங்கட்கிழமை போனேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதே ‘ஐந்து ஏன்’ பாடத்தை நடத்தினேன். மேரியின் பெயரை மட்டும் எடுக்கவில்லை...

இன்று உங்களிடம் சொல்கிறேன். உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்துதான்.