ஆயில் குடிக்கிற காரோடு கூமாப்பட்டிக்கு

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை 6.20க்கு, ராஜபாளையத்திலிருந்து கூமாப்பட்டிக்குக் கிளம்பினோம். மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருந்த நேரம். எல்லோரும் தண்ணீர் பார்க்கப் போவார்கள். நாங்கள் ஆயில் பார்க்கப் போனோம். எங்களுடைய பதினாறு வயதுக் கார் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா இல்லையா என்று ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதுதான் திட்டம். பழைய வண்டி வைத்துக்கொண்டு, ஆயிலைத் தாங்களே மாற்றிக்கொண்டு, அதை வெளியிலும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

வண்டியை ஓட்டியது என் மனைவி பாக்கியம். வயது நாற்பத்தெட்டு, கணக்கு டீச்சர். ஜூனில் அவளை வ. புதுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து மீட்டர் கணக்கில் 39 கிலோமீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பஸ், வத்திராயிருப்பில் ஒரு பஸ் என்று மாறி மாறி, காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்வாள். ஐந்து மாதம் பொறுத்தாள். அதற்குள் யாரிடமும் சொல்லாமல் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து, முதல் தடவை எட்டுப் போடும்போது கம்பத்தில் இடித்து, இரண்டாம் தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து காரில்தான் போவேன் என்று அறிவித்தும் விட்டாள். அதாவது நாங்கள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்.

இங்கேதான் என் பெருமை குறுக்கே வந்தது. நான்கு வருடமாக எங்கள் காருக்கு ஆயில் மாற்றுவது நான்தான். மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்கு விரல் நகத்தில் கறுப்பு ஏறினால் ஒரு தனி மிடுக்கு வரும். திங்கட்கிழமை கையைச் சரியாகக் கழுவாமலே ஆபீஸுக்குப் போவேன், யாராவது கேட்கட்டும் என்று. இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாற்றினேன். மூன்று லிட்டர் பிடிக்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. 2.6 லிட்டர் ஊற்றியதுமே அளவு பார்க்கும் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. மீதி 400 மில்லி டப்பாவில் மிச்சம். கம்பெனிக்காரனுக்கே கணக்குத் தெரியவில்லை என்று பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, 380 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்டிக்கை உருவினால், ஆயில் கீழ்க் கோட்டில் நிற்கிறது. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு லிட்டர். மிச்சம் வைத்திருந்த 400 மில்லியை ஊற்றியும் கோட்டுக்கு மேலே ஏதோ பேருக்கு ஏறியது. உடனே மைத்துனன் முருகேசனைக் கூப்பிட்டேன். பாக்கியத்தின் தம்பி. பழைய கார் வாங்கி விற்கிறவன். எந்த வண்டியைப் பார்த்தாலும் அது வேறு ஒருவரிடம் இருக்க வேண்டியது என்று தோன்றும் அவனுக்கு. பானெட்டைக்கூடத் திறக்காமல் சொன்னான்: "ரிங்கு போச்சு அத்தான்." பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் தேய்ந்துவிட்டால் ஆயில் மேலே ஏறிப் பெட்ரோலோடு எரிந்து தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டி ஒருநாள் கிருஷ்ணன்கோவிலுக்கும் வத்திராயிருப்புக்கும் நடுவில் ஜாம் ஆகி நின்றால், பாக்கியம் தனியாக ரோட்டில் நிற்க வேண்டியதுதான். முருகேசன் சேத்தூரில் வண்டியை வாங்க ஒரு ஆளைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைக் காட்டுவதாகப் பேசிவிட்டான். நானும் தலையாட்டிவிட்டேன். பாக்கியத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. தைரியம் இருந்தால் நான் ஏன் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: நாளைக்கு நீ போகிற பாதையை இன்றைக்கு ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடுவோம், அப்படியே நான் ஆயில் அளவையும் குறித்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது மீட்டரில் 1,18,402. வீட்டு வாசலில் வைத்துப் பார்த்ததில் ஆயில் கீழ்க் கோட்டுக்குச் சற்று மேலே. 12 கிலோமீட்டர் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 6.45. தேர் நிற்கும் பக்கமாக வண்டியை ஓரங்கட்டி, டீ இரண்டு முப்பது ரூபாய், கால் கிலோ பால்கோவா நூறு ரூபாய். பத்து நிமிடம் கழித்து ஸ்டிக்கை எடுத்தேன். பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

குறைந்திருந்தால் துக்கம். ஏறியிருந்தால் அதைவிடப் பெரிய துக்கம். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்தால்தான் அளவு ஏறும் என்று படித்திருக்கிறேன். கலந்தால் நிறம் பால் காப்பி மாதிரி ஆகிவிடுமாம். நான் ஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து, விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பதைப் பால்கோவாக் கடைக்காரர் வெகுநேரம் கவனித்தார். பிறகு எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பார்த்தார். நல்லவேளை, நக்கிப் பார்க்கவில்லை. நிறம் தேன் மாதிரிதான் இருந்தது. ஒன்றும் புரியாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. கிருஷ்ணன்கோவிலில் நான்கு வழிச் சாலையை விட்டு இடப்பக்கம் திரும்பியதும் தென்னந்தோப்பும் நெல் வயலுமாகப் பாதை குளிர்ந்துவிடுகிறது. பாக்கியம் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு டிராக்டர், இரண்டு பஸ், மாட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போயின. நான் என் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

வத்திராயிருப்புக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. ஓட்டுகிறவள் எடுக்கக் கூடாதென்று ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். முருகேசன். "யக்கா, அத்தான்கிட்டச் சொல்லிரு. சேத்தூர்க்காரரு அஞ்சுக்குப் பதிலா நாலு மணிக்கே வாராராம். ஆர்சி புக்கை எடுத்து வைக்கச் சொல்லு."

அவள் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி வண்டியை ஓரம் கட்டினாள். டிரைவிங் பள்ளியில் சொல்லிக் கொடுத்த எதையும் விடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எத்தனை நாளா நடக்கு இது?"

நாலு நாளாக என்றேன்.

"என்கிட்ட எப்பச் சொல்லலாம்னு இருந்தீக? நாளைக்குக் காலையில நான் சாவியத் தேடும்போதா?"

ரிங்கைப் பற்றிச் சொன்னேன், நடுவழியில் நிற்பதைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு கணக்கை முடிக்கிற குரலில், "சரி. இன்னைக்கு வண்டி ஆயில் குடிச்சா நானே சாவியக் குடுத்துருதேன். குடிக்கலைன்னா வண்டி என் கையில. முருகேசனுக்கு நீங்கதான் போன் போட்டுச் சொல்லணும்" என்றாள். அதன்பின் வேகம் அறுபதுக்குப் போனது.

7.55க்குப் பள்ளி. ஞாயிறு என்பதால் கேட் பூட்டியிருந்தது. ரோட்டோரம் இடப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்க நிறுத்தி, இன்ஜின் அணைந்த ஒரு நிமிடத்திலேயே ஸ்டிக்கை உருவச் சொன்னாள். கீழ்க் கோடு. அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்னும் ஏழு கிலோமீட்டர் போனால் கூமாப்பட்டி, தண்ணீரையாவது பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்றேன். வந்தாள்.

கூமாப்பட்டி தாண்டி, தோப்புக்குள் இறங்கும் ஒரு மண் பாதையில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்தில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு லாரி. டிரைவர் என் வயதுக்காரர், தேங்காய்க் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி முறையாக, கால் மணி நேரம் கழித்து, ஸ்டிக்கை எடுத்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர் கேட்டார். "என்ன அண்ணாச்சி, ஆயில் குறையுதா?"

காலையில் குறைந்திருந்தது, இப்போது கூடியிருக்கிறது என்றேன்.

"கூடுதா? அப்ப வண்டியக் குடுத்துராதீய. அரபு நாட்டுலகூட இப்படி ஊத்து கிடையாது."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர் பானெட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நாலு எட்டு பின்னால் போய் நின்று வண்டியை மொத்தமாகப் பார்த்தார். "மூஞ்சியக் கீழ கவுத்து நிறுத்தியிருக்கீய. ஆயிலு பூரா முன்னால வந்து நிக்கி. ஸ்டிக்கும் முன்னாலதான இருக்கு? வீட்டுல எப்படி நிறுத்துவீய?"

நான் யோசிப்பதற்குள் பாக்கியம் பதில் சொன்னாள். எங்கள் வீட்டு வாசலில் சாக்கடை ஓடும் வாறுகாலுக்கு மேலே சிமெண்டுச் சரிவு. வண்டி வீட்டைப் பார்த்து ஏறி நிற்கும். மூக்கு மேலே, ஆயில் பின்னால். ஸ்டிக் எப்போதும் குறைத்தே காட்டும். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஆயில் மாத்துன அன்னைக்கு மட்டும் வண்டி தெருவப் பாத்து நின்னுச்சு."

ஆமாம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னோக்கி நசுக்கிக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். பூஜை போட்ட வண்டி பின்னால் நகரக் கூடாது. அதற்காக முதல் நாளே திருப்பி நிறுத்தி, அப்படியே ஆயிலையும் மாற்றி, மூக்கு கவிழ்ந்த வண்டியில் அளவு பார்த்து, 400 மில்லி மிச்சம் பிடித்த அறிவாளி நான். கம்பெனிக்காரனுக்குக் கணக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"செத்த நேரம் பொறுங்க" என்று டிரைவர் எங்களை நூறு அடி தள்ளி ஒரு நெல் காயப்போடும் களத்துக்குக் கூட்டிப்போனார். சிமெண்டுத் தரையில் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினார். எந்தப் பக்கமும் ஓடாமல் வட்டமாக நின்றது. வண்டியை அங்கே நிறுத்தி இருபது நிமிடம் காத்திருந்தோம். மூன்று பேரும் பால்கோவாவைத் தின்றோம். யாருக்கும் ருசி தெரிந்த மாதிரி இல்லை, டிரைவரைத் தவிர.

இந்தத் தடவை ஸ்டிக்கை உருவியது பாக்கியம். துடைத்தாள், விட்டாள், மறுபடி உருவினாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள். மேல் கோட்டுக்கு ஒரு நெல்மணி அளவு கீழே. ஊற்றியது மொத்தம் மூன்று லிட்டர். உள்ளே இருப்பதும் ஏறக்குறைய மூன்று லிட்டர். அவள் சிரிக்கவில்லை. ஸ்டிக்கைப் பத்திரமாக அதன் துளையில் செருகிவிட்டு, என் போனை எடுத்து என்னிடமே நீட்டினாள்.

முருகேசன் நம்பவில்லை. அப்ப ரிங்கு என்று கேட்டான். ரிங்கு அது இடத்திலேயே இருக்கிறது என்றேன். "சேத்தூர்க்காரருக்கு நான் என்னத்தச் சொல்ல அத்தான்?" என்று இழுத்தான். பக்கத்திலிருந்து அவள் குனிந்து போனில் சொன்னாள்: "யக்கா வண்டின்னு சொல்லு."

கண்மாய்த் தண்ணீரையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் எங்களை ஒரு டிராக்டரும் முந்தவில்லை. 12.10க்கு வீடு. மொத்தம் 93 கிலோமீட்டர், பெட்ரோல் சுமார் அறுநூறு ரூபாய், தேநீர், பால்கோவா சேர்த்து எழுநூற்று முப்பது. என் மானத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. கூமாப்பட்டிக்குத் தண்ணீர் பார்க்கப் போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். அதற்குமேல் பைக்கில் வருகிற கூட்டம் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

ஆயில் விஷயத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது: அளவு பார்க்க ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது சமதரையாக இருக்கட்டும். வாசல் சரிவு வேண்டாம். தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. காலையில் வண்டி எடுக்குமுன் பார்ப்பது உத்தமம். ஓடிய வண்டியென்றால் கால் மணி நேரமாவது விடுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க வேண்டாமா? தேதி, கிலோமீட்டர், ஊற்றிய மில்லி மூன்றையும் எழுதி வையுங்கள். புது ஆயில் ஊற்றியதும் இன்ஜினை இரண்டு நிமிடம் ஓட விட்டு, பிறகு பார்ப்பதுதான் முதல் அளவு. புது ஆயில் பில்டர் தன் பங்கைக் குடித்த பிறகே உண்மை தெரியும். அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், நிறத்தைப் பாருங்கள். கழித்த ஆயிலை வாறுகாலில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப் பீப்பாயில் கொண்டுபோய்க் கொடுங்கள். வளையம் தேய்ந்ததா என்பதை ஒரு மெக்கானிக் சொல்லட்டும், வண்டி வாங்கி விற்கிற மைத்துனன் சொல்ல வேண்டாம்.

ஒரு அளவு தப்பாக இருந்தால் அதை நம்பி எத்தனை முடிவு எடுத்துவிடுகிறோம் என்று எனக்குச் சில நாள் யோசனையாக இருந்தது. வண்டி கெட்டுவிட்டது என்பதைவிட, அவளுக்கு இதெல்லாம் சரிப்படாது என்பதைத்தான் நான் முதலில் நம்பத் தயாராக இருந்தேனோ என்னவோ. ஆயில் குச்சிக்கு அதைக் காட்டத் தெரியாது.

அதன்பின் வண்டி 1,100 கிலோமீட்டர் ஓடிவிட்டது. வாரத்துக்கொரு முறை அவளே பெட்ரோல் பங்க்கின் சிமெண்டுத் தரையில் நிறுத்திப் பார்த்து எழுதுகிறாள். இதுவரை குறைந்திருப்பது சுமார் நூறு மில்லி. இந்த வயதில் நான் குடிக்கும் காப்பியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் போதும் என்பதால் இப்போது அவள் நின்று சாப்பிடாமல் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு டீச்சர்கள் ஏறிக்கொள்கிறார்கள், கிருஷ்ணன்கோவிலில் இன்னும் இரண்டு பேர். போன வாரம் மில் லீவு. நானும் கூட வரட்டுமா, ஆயில் பார்க்கலாம் என்று கேட்டேன்.

"வண்டியில இடம் இல்லைங்க" என்றாள்.