வசந்தாவின் குண்டுமல்லி

போன ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் என் மனைவி வசந்தா கேட்டாள். "அச்சரப்பாக்கம் போய்ட்டு வரலாமா?"

அங்கே எங்களுக்குச் சொந்தம் யாரும் கிடையாது. கல்யாணமா? இல்லை. கோயிலா? அதுவும் இல்லை.

"என் செடியைப் பார்க்கணும்" என்றாள்.

மூன்று வருடம் அச்சரப்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். போன வருடம் பங்குனியில் எனக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் லாரியில் ஏறின. வாசலோரம் வசந்தா வைத்த குண்டுமல்லி மட்டும் ஏறவில்லை.

அந்தச் செடிக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? முதல் கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்தான். அரிசி களைந்த தண்ணீர் முழுக்கச் செடிக்கு. நான் குளிக்கிற தண்ணீரும் தப்பவில்லை. "சோப்பு போடறதுக்கு முன்னாடி இந்த பேசின்ல நின்னு ரெண்டு சொம்பு ஊத்திக்கோங்க" என்பாள். நின்றேன்... வேறு வழி?

ஒரு நாள் கேட்டைச் சாத்த மறந்துவிட்டேன். தெரு ஆடு ஒன்று உள்ளே வந்து செடியை மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டது. அன்று எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு கிடையாது.

இரண்டாவது கோடையில் பதினோரு பூ. பதினொன்றையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, காரணமே இல்லாமல் தெருவில் இரண்டு முறை போய் வந்தாள். மூன்றாவது கோடையில் செடி முழுக்க அரிசி அரிசியாக மொட்டு. அந்த வாரம்தான் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்!

வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்போம். செடி வைக்க மட்டும் கேட்பதில்லை. ஆணியையாவது பிடுங்கிக்கொண்டு வரலாம்.

செங்கல்பட்டில் எங்களுக்கு மாடி வீடு. பூக்காரம்மா வாசலுக்கே வருகிறார். வசந்தா வாங்குவாள், முகர்ந்து பார்ப்பாள், "இது வேற" என்பாள். மாதம் ஒருமுறை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பழைய வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, செடி இருக்கிறதா என்று விசாரிப்பாள். ஒரு வருடமாக இதே கதை.

அந்த ஞாயிறே கிளம்பிவிட்டோம். பஸ் மதுராந்தகம் தாண்டியபோது காலடியில் இருந்த பை இடித்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு களைக்கொத்து... நனைத்துச் சுருட்டிய கோணிச்சாக்கு.

"எதுக்கு இது?"

"வேரோட எடுத்துட்டு வந்துடலாம். நான் வெச்ச செடிதானே? கீழ் வீட்டம்மா அவங்க கொல்லையில வெச்சுக்கச் சொல்லிட்டாங்க."

"சித்திரை வெயில்ல பிடுங்கினா பிழைக்குமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செடி இடுப்புயரம் வளர்ந்திருந்தது. வசந்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் செல்வி, புருஷன் மினி லாரி ஓட்டுகிறான் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

"யாரு வோணும்?"

"முன்னாடி இங்க குடியிருந்தோம். சும்மா... பார்த்துட்டுப் போலாம்னு."

"செடி வெச்ச அக்கா நீதானா? வூட்டுக்காரரு சொன்னாரு. உள்ள வாக்கா, இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற?"

மோர் வந்தது. செல்வி நிறுத்தாமல் பேசினாள்.

"நாலு வூடு பாத்தோம்க்கா. இந்தப் பூ வாசனைக்குத்தான் இங்கியே வந்துட்டோம். இப்போ ஒரே பேஜாரு. பாதி மொட்டு ஊதாவா மாறி வுழுந்துடுது. இன்னா பண்றதுன்னே தெர்ல. ராவெல்லாம் தூக்கம் இல்லக்கா."

வசந்தா அதற்குள் செடியருகே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மொட்டைக் கிள்ளிப் பிரித்தாள். உள்ளே நூல் போல ஒரு புழு.

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கெட்ட மொட்டுகளைப் பொறுக்கினார்கள். "வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணியில கலந்து சாயங்காலமா தெளி. வெயில்ல வேணாம், இலை கருகிடும். கார்த்திகை கடைசியில கவாத்து பண்ணிடு. பாவம் பார்க்காம வெட்டணும், தெரியுதா?"

செல்வி பாடம் கேட்கிற மாதிரி தலையாட்டினாள்.

பிறகு வசந்தா என்னிடம், "அந்தப் பையைக் குடுங்க" என்றாள்.

சிரித்த முகமாக நிற்கிற இந்தப் பெண் முன்னாலா பிடுங்கப் போகிறாள்? நீட்டினேன்.

களைக்கொத்தை எடுத்தாள். செடியைச் சுற்றி மண்ணைக் கிளறினாள் — மேலாக, வேரில் படாமல். வட்டமாகப் பாத்தி கட்டினாள். ஈரச் சாக்கை விரித்து அடித்தண்டைச் சுற்றிப் போட்டாள்.

"வேர் சுடாம இருக்கும். தினம் சாக்கை நனைச்சு விடு."

"இதுக்கோசரமா இதெல்லாம் தூக்கினு வந்த?"

வசந்தா ஒரு தரம் என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள். களைக்கொத்தையும் செல்வியிடமே கொடுத்தாள். "வெச்சுக்கோ. அங்க எனக்கு இதுக்கு வேலையில்ல."

சாயங்கால பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. செல்வி வாழையிலையில் மடித்துக் கொடுத்த நல்ல மொட்டுகளை மடியில் போட்டு நாரில் கட்டிக்கொண்டே வந்தாள் வசந்தா. மொட்டுகள் ஒவ்வொன்றாக இதழ் விரித்தன. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் மூச்சை ஆழ இழுத்தார்.

"பஸ்ஸே மணக்குதும்மா! வூட்டுப் பூவா?"

வசந்தாவின் விரல்கள் நாரில் நின்றன.

"ஆமாங்க... வீட்டுப் பூ."

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷர்!